விளக்குக்கு ஒரு விளக்கு

கார்த்திகை மாதம் முதல் தேதி, விளக்கு வைக்கிற நேரம். மலையாள எல்லையில், நல்லேப்பிள்ளிக்குத் தெற்கே தன் தோட்டத்துக் களத்தில், ரத்தினசாமி ஓர் இரும்புக் கம்பத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார். கழுத்து வலித்தது. கம்பத்தின் தலையில் இருந்த சூரிய விளக்கு எரியவில்லை.

"ஏனுங் மாமா, இன்னும் நேரமாகலையோ என்னமோ?" என்றாள் அவர் மனைவி சரஸ்வதியம்மாள்.

"நேத்து இந்நேரத்துக்கு அது எரிஞ்சு, அதுக்கடியில உக்காந்து நான் வெத்தலையே போட்டாச்சு. நேத்து ஆன நேரம் இன்னிக்கு ஆகாதா?"

அது சாமானியப்பட்ட விளக்கு அல்ல. கரண்டு வேண்டாம், மண்ணெண்ணெய் வேண்டாம். கம்பத்தின் மேல் சாய்வாக வைத்த கண்ணாடித் தகடு பகலெல்லாம் வெயிலைக் குடிக்கும். குடித்ததைக் கம்பத்தடியில் உள்ள இரும்புப் பெட்டியில், பேட்டரியில் சேர்த்து வைக்கும். இருட்டினால் விளக்கு தானே எரியும். விடிந்தால் தானே அணையும். எழுபத்தொன்பதாம் வருஷத்தில் அந்தச் சுற்றுவட்டாரத்துக்கே அப்படி ஒன்றுதான் இருந்தது. சோதனைக்காக என்று திருவனந்தபுரத்திலிருந்து ஒரு என்ஜினீயர் புரட்டாசியில் கொண்டுவந்து நட்டார்.

"இதினெ ஆரும் தொட வேண்டா," என்று கூட வந்த ஓவர்சியர் பெட்டியைக் காட்டி, மலையாளத்தையும் தமிழையும் ஒரே பாத்திரத்தில் போட்டுக் கிண்டிச் சொல்லிவிட்டுப் போனார். "இருட்டு வந்தால் கால்மணி நேரம் அது நோக்கும். இருட்டுதான்னு நிச்சயம் ஆச்சுன்னா எரியும். அவ்வளவே உள்ளூ."

"நம்ம பிளாக் ஆபீசைவிடத் தேவலைங்க. அவங்க நிச்சயம் பண்ண ஆறு மாசம் ஆகும்," என்றார் ரத்தினசாமி. அன்றைக்கு அவர் வாயில் வேடிக்கை வந்தது. காரணம் இருந்தது.

காரணத்தின் பெயர் பொங்கியண்ணன். சரஸ்வதியம்மாளின் கூடப்பிறந்த அண்ணன். வேலிக்கு அந்தப் பக்கம், மேற்கே, அவர் தோட்டம். ஊரில் முதல் பம்புசெட்டு அவருக்கு. முதல் ரேடியோ அவருக்கு. மந்திரி வந்தபோது இளநீர் வெட்டிக் கொடுத்த கையும் அவர் கைதான். இருபது வருஷமாக நல்லது எது வந்தாலும் வேலிக்கு அந்தப் பக்கமாகவே போய் இறங்கியது. 'இந்த ஒண்ணாவது என்ர களத்துல நிக்கட்டும் சாமி' என்று ரத்தினசாமி பிளாக் ஆபீசுக்கு நடையாய் நடந்து, செருப்பைத் தேய்த்து, வாங்கி வந்த விளக்கு அது.

ஆனால் நிரந்தரம் இல்லை. பெரிய கார்த்திகை அன்று சாயங்காலம் பிளாக் ஆபீஸ் அதிகாரி பி.டி.ஓ. நேரில் வந்து பார்ப்பார். எரிந்தால் அந்தக் களத்துக்கே சொந்தம். எரியாவிட்டால் இரண்டாவதாக மனுப் போட்டவர் களத்துக்குப் போகும். இரண்டாவதாக மனுப் போட்டவர் யார் என்று கேட்கவே வேண்டாம்.

பெரிய கார்த்திகைக்கு இன்னும் பதினேழு நாள் இருந்தது.

"நாளைக்கு எரியும் மாமா. மனசைப் போட்டு ஒலப்பிக்காதீங்கோ," என்று சொல்லிவிட்டு, இரும்புப் பெட்டியின் மேல் தான் ஏற்றி வைத்திருந்த அகல் விளக்கின் திரியைத் தூண்டினாள் சரஸ்வதியம்மாள். கார்த்திகை பிறந்தால் அவள் கிணற்றுக்கு ஒன்று, மாட்டுக்கொட்டகைக்கு ஒன்று, குப்பைமேட்டுக்கு ஒன்று என்று தினமும் அகல் வைப்பவள்.

"விளக்குக்கே விளக்கு வெக்கறவ ஊர்ல நீ ஒருத்திதான்டி."

"குப்பைமேட்டுக்கு வெச்சுட்டு இதுக்கு வெக்காம உட்டா, இது கோவிச்சுக்காதுங்களா?"

ரத்தினசாமி பெட்ரோமாக்ஸைப் பற்றவைத்துக்கொண்டு வந்து, ஏணி போட்டு ஏறி, பல்பு அருகே அதைத் தூக்கிப் பிடித்து ஆராய்ந்தார். பல்பு நன்றாக இருந்தது. ஒயரும் நன்றாக இருந்தது. எட்டு மணி வரை நின்று பார்த்துவிட்டு இருவரும் ஊருக்குள் இருந்த வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். வழியெல்லாம் ஆளுயரக் கரும்பு. திரும்பிப் பார்த்தால் களம் தெரியாது.

மறுநாள் காலையில் சரஸ்வதியம்மாள், கண்ணாடித் தகட்டில் அழுக்கு சேர்ந்ததுதான் கோளாறு என்று முடிவு கட்டினாள். புளியும் சாம்பலும் தேங்காய் நாரும் எடுத்துக்கொண்டு ஏணியில் ஏறினாள். பித்தளைக் குடம் தேய்க்கிற கை. அரை மணி நேரத்தில் தகடு முழுக்கக் கோடு கோடாகக் கீறல்.

"ஐயோ, என்னடி பண்ணுன?"

"பளபளன்னு ஆயிருச்சு பாருங்க!"

சாயங்காலம் கம்பத்தைச் சுற்றி மறுபடியும் கூடினார்கள். அகல் எரிந்தது. பெட்ரோமாக்ஸ் எரிந்தது. சூரிய விளக்கு மட்டும் எரியவில்லை.

வேலிக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு செருமல் கேட்டது.

"மாப்ளே, என்னமோ வெளக்கு எரியலைன்னாங்க?" பொங்கியண்ணன் வேலிமேல் கை வைத்து நின்றார். முகத்தில் அவ்வளவு கரிசனம்.

"எரியாம என்னங்க மச்சான். கொஞ்சம் மக்கர் பண்ணுது."

"அட, மெசினுன்னா மக்கர் பண்ணாதா? இந்த ஒத்தை பெட்ரோமாக்ஸை வெச்சுக்கிட்டுத் தொழாவினா என்ன தெரியும்? நல்லா வெளிச்சமா வெச்சுப் பாரு மாப்ளே. இரு, என்ர பெட்ரோமாக்ஸையும் கொண்டாரன்."

கொண்டுவந்தே விட்டார். இருபது வருஷத்தில் அவர் ஒரு தீக்குச்சி இரவல் தந்ததில்லை. ரத்தினசாமிக்கு ஒன்றும் புரியவில்லை.

"எங்கண்ணனைப் பத்தி என்னென்ன பேசியிருப்பீங்க!" என்று சரஸ்வதியம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

எட்டு மணி அடித்ததும் பொங்கியண்ணனே சொன்னார். "வாடைக்காத்து அடிக்குது மாப்ளே. போய்ப் படு. ஒடம்பு முக்கியம். தங்கச்சி, நீயும் போ கண்ணு. அகலை நான் பாத்துக்கறன்."

மூன்றாம் நாள் பம்புசெட்டு மெக்கானிக் அப்புசாமி வரவழைக்கப்பட்டான். அப்புசாமி எந்த மெசினைப் பார்த்தாலும் முதலில் காது கொடுத்துக் கேட்பான். கம்பத்திலும் காது வைத்துக் கேட்டான்.

"சத்தமே இல்லைங்களே."

"அது சத்தம் போடாதுடா. விளக்கு."

பேட்டரியைத் திறந்து, தன் பையிலிருந்த சின்ன பல்பைத் தொட்டுப் பார்த்தான். மதிய வெயிலிலும் கண் கூசுகிற மாதிரி எரிந்தது.

"பேட்டரி புலியாட்ட இருக்குதுங்க. பல்பு நல்லா இருக்குது. ஒயரு நல்லா இருக்குது."

"அப்பறம் ஏண்டா எரியல?"

அப்புசாமி தலையைச் சொறிந்தான். களத்தைச் சுற்றி வந்தான். கடைசியில் வேலியோரத் தென்னைமரத்தைப் பார்த்து நின்றான். "நாலு மணிக்கு மேல இதோட நெழல் தகட்டு மேல உழுகுதுங்க. சாயங்கால வெயிலு போகலையின்னா சாயங்காலம் எப்புடி எரியும்?"

நியாயமாகத்தான் பட்டது. அந்தத் தென்னை, வருஷத்துக்கு இருநூறு காய் காய்க்கிற மரம். சரஸ்வதியம்மாள் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதாள். ரத்தினசாமியும் மரத்தை ஒரு தடவை சுற்றி வந்தார். ஆனாலும் பி.டி.ஓ. முகம் கண்முன்னே வந்து நின்றது. வெட்டச் சொல்லிவிட்டார்.

மரம் கிழக்கே விழும் என்றான் அப்புசாமி. அது மேற்கே விழுந்தது. பொங்கியண்ணன் வேலியில் பத்தடி நீளத்துக்குப் பிய்த்துக்கொண்டு, அந்தப் பக்கத்துக் களத்தில் தலையை வைத்துப் படுத்தது.

ரத்தினசாமி இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டார். போன வருஷம் அந்த வேலியில் ஒரு முள்ளை ஆடு மேய்ந்ததற்கே பொங்கியண்ணன் பஞ்சாயத்து வைத்தவர்.

"போகுது போ மாப்ளே! வேலிதானே?" என்று பொங்கியண்ணன் சிரித்துக்கொண்டே வந்தார். "மரத்தை மட்டும் எடுத்துக்கோ. வேலியக் கட்ட வேண்டாம். அப்பிடியே கெடக்கட்டும். மச்சான் மாப்ளைக்குள்ள வேலி எதுக்கு?"

ரத்தினசாமி வீட்டுக்கு வந்து நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். காய்ச்சல் இல்லை. பொங்கியண்ணனுக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்துக்கொண்டார்.

தென்னை போன பிறகும் விளக்கு எரியவில்லை. 'வெயில் பத்தவில்லை' என்று அப்புசாமி அடுத்த யோசனை சொன்னான். சூரியகாந்திப் பூ மாதிரி தகட்டைச் சூரியன் பின்னாலேயே திருப்ப வேண்டுமாம். காலையில் கிழக்கே, உச்சியில் மேலே, மாலையில் மேற்கே. மூன்று நாள் ரத்தினசாமியே கயிற்றைக் கட்டி இழுத்தார். நான்காம் நாள் கம்பம் அடியோடு ஆட்டம் கண்டு, கள்ளுக்கடை வாசலில் நிற்கிற ஆள் மாதிரி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. அதற்கு முட்டுக் கொடுக்க, வெட்டிய தென்னையிலிருந்தே ஒரு துண்டு வந்தது.

இந்த அமளியில் களத்து மூலையில் குமித்து வைத்த கடலைக்கொடி அப்படியே கிடந்தது. கொடியிலிருந்து காயைப் பிய்த்து ஆய ஆள் வரவில்லை. ஒரு தூறல் விழுந்ததும் கடலைக்காய் முளைவிட ஆரம்பித்தது. ரத்தினசாமி குருவம்மாளைக் கூப்பிட்டு விட்டார். இரண்டு தோட்டத்துக்கும் கடலைக்காய் ஆய்கிற பெண்களுக்கு அவள்தான் தலைவி.

குருவம்மாள் பத்து மணிக்குக் கொட்டாவி விட்டுக்கொண்டு வந்தாள்.

"ஏம்மா, பட்டப்பகல்ல என்ன கொட்டாவி? என்ர கொடியை எப்ப ஆயப்போறீங்க?"

"மேக்காலத் தோட்டத்துது இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்குதுங்க. முடிச்சுட்டு வந்தர்றோம்." அவள் கம்பத்தைப் பார்த்துக் கும்பிடு போட்டாள். "இந்த வெளக்கு விசயத்துல உங்களுக்கு ரொம்பப் பெரிய மனசுங்க. புண்ணியமாப் போகும்..."

ரத்தினசாமிக்குச் சுருக்கென்று ஏறியது. ஊரே சிரிக்கிறது, இவளும் சேர்ந்துகொண்டாளா?

"வெளக்கைப் பத்தி ஒரு பேச்சுப் பேசாதே! வேலையைப் பாரு!"

"இல்லைங்க, நான் என்ன சொல்ல வந்தன்னா..."

"வாயை மூடுன்னு சொல்றன்!"

குருவம்மாள் வாயை மூடினாள். மூடியதும் மறுபடி கொட்டாவி வந்தது.

அன்று ராத்திரி ரத்தினசாமி படுக்கையில் புரண்டார். பேட்டரி நல்ல பேட்டரி. பல்பு நல்ல பல்பு. வெயில் நல்ல வெயில். எல்லாம் நல்லதாக இருந்தும் எரியவில்லை என்றால் என்ன அர்த்தம்? தன் ராசிதான் கெட்ட ராசி என்று அர்த்தம். அப்படித்தான் அவருக்குத் தோன்றியது. அந்த ஒரு விளக்கு தன் களத்தில் நின்றதிலிருந்து, சந்தைக்குப் போனால் நாலு பேர் 'வாங்க ரத்தினசாமி' என்று பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். அதுவரை அவர் 'பொங்கியண்ணன் மாப்ளை'தான். மறுபடியும் அப்படி ஆவதை நினைத்து எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

"மாமா, சாமி குத்தமா இருக்கும்," என்றாள் இருட்டில் சரஸ்வதியம்மாள். "ஒத்தை அகல் வெச்சது போதாது. இருபத்தொண்ணு வெக்கறன்னு வேண்டிக்கிட்டன்."

இருபத்தொன்று வைத்தாள். எரியவில்லை. ஐம்பத்தொன்று வைத்தாள். எரியவில்லை. "பெரிய கார்த்திகையன்னிக்கு நூத்தியெட்டு," என்றாள். அவளும் விடுகிற ஜாதியில்லை.

பொங்கியண்ணனும் விடவில்லை. தினம் சாயங்காலம் வேலிச் சந்து வழியாக வந்துவிடுவார். பெட்ரோமாக்ஸுக்குக் காற்றடித்துக் கொடுப்பார். "கிட்டப் பிடி மாப்ளே, இன்னும் கிட்ட" என்பார். எட்டு மணியானால் "போய்ப் படு மாப்ளே" என்று தோளைப் பிடித்துத் தள்ளாத குறையாக அனுப்பி வைப்பார். அகல்களுக்குக் காவல் இருப்பதும் அவர்தான்.

"உங்க கூடப்பொறந்தவங்க யாராச்சும் இப்புடிச் செய்வாங்களா?" என்று கேட்டாள் சரஸ்வதியம்மாள்.

செய்ய மாட்டார்கள் என்று ரத்தினசாமி ஒத்துக்கொண்டார். மனிதனைத் தப்பாக எடை போட்டுவிட்டோமே என்று அவருக்கு வெட்கமாகக்கூட இருந்தது.

பெரிய கார்த்திகை வந்தது.

பி.டி.ஓ.வின் ஜீப் ஆறு மணிக்குக் களத்தில் வந்து நின்றது. கூடவே அதே ஓவர்சியர். வரவேற்பு தடபுடல். பொங்கியண்ணன் தன் செலவில் இன்னும் மூன்று பெட்ரோமாக்ஸ் வாடகைக்கு எடுத்துக் கம்பத்தைச் சுற்றி நட்டிருந்தார். ஆக மொத்தம் ஐந்து. சரஸ்வதியம்மாளின் நூற்றெட்டு அகலும் இரும்புப் பெட்டியிலிருந்து கடலைக்கொடிக் குமி வரை வரிசை கட்டி எரிந்தன. ஊசி விழுந்தால் எடுக்கலாம், அவ்வளவு வெளிச்சம்.

பி.டி.ஓ. சாய்ந்து நின்ற கம்பத்தைப் பார்த்தார். கீறல் விழுந்த தகட்டைப் பார்த்தார். தென்னந்துண்டு முட்டைப் பார்த்தார். அவருக்கு உரத்தைப் பற்றித் தெரியும், விதையைப் பற்றித் தெரியும். விளக்கைப் பற்றித் தெரிந்த என்ஜினீயர் அடுத்த வருஷம்தான் வருவாராம்.

ஆறரை ஆனது. ஏழு ஆனது. கூட்டம் முழுக்க அண்ணாந்து நின்றது. ரத்தினசாமியின் உதடு மட்டும் அசைந்தது. 'எரிஞ்சுரு சாமி. ஒரு நிமிசம் எரிஞ்சுட்டு அணைஞ்சாலும் போதும்.'

ஓவர்சியர் பேட்டரியைச் சோதித்தார். "பேட்டரி ஃபுல்லாணு. பல்பு நல்லதாணு. பின்னே எந்தா?" திடீரென்று ஏதோ நினைவுக்கு வந்தவர் போல நெற்றியைத் தடவினார். "இருட்டு இன்னும் ஆயில்லையோ?"

"மணி ஏழரைங்க. இதுக்கு மேல என்ன இருட்டுங்க வேணும்?" என்றார் பொங்கியண்ணன் சட்டென்று. "ஐயா மொதல்ல எளநி சாப்பிடுங்கோ."

ஓவர்சியர் இளநீரை வாங்கிக் குடித்தார். வந்த நினைவு அதோடு போய்விட்டது.

எட்டு மணிக்கு பி.டி.ஓ. தொண்டையைக் கனைத்தார். "ரத்தினசாமி, வருத்தப்படக் கூடாது. சர்க்கார் பொருள். உங்க களத்துல அதுக்குச் சரிப்படல. நாளைக்குக் காலைல ஆள் வரும். பொங்கியண்ணன் களத்துல மாத்தி நட்டுப் பாக்கலாம்."

"ஐயோ, எனக்கு வேண்டாமுங்க! என்ர மாப்ளை மனசு நோகும்," என்றார் பொங்கியண்ணன்.

"உங்க மாதிரி ஆளுக்குத்தான் கொடுக்கணும்," என்றார் பி.டி.ஓ. நெகிழ்ந்து போய்.

ரத்தினசாமி பெட்ரோமாக்ஸைத் தூக்கிக்கொண்டு கரும்புக்கு நடுவே நடந்தார். சரஸ்வதியம்மாள் பின்னாலேயே மூக்கைச் சிந்திக்கொண்டு போனாள்.

காலையில் நாலு ஆட்கள் வந்தார்கள். கம்பம் ஏற்கனவே பாதி பிடுங்கிய கதையாக இருந்ததால், வேலை சுலபமாக முடிந்தது. தோளில் போட்டுக்கொண்டு வேலிச் சந்து வழியாக அந்தப் பக்கம் போனார்கள். பொங்கியண்ணன் முன்னால் வழிகாட்டிக்கொண்டு போனார். சந்து நல்ல அகலம். கம்பம் எங்கேயும் இடிக்கவில்லை.

ரத்தினசாமி தென்னை அடிக்கட்டையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். மரம் போயிற்று, விளக்கும் போயிற்று, கடலைக்காய் முளைத்துக் கிடந்தது. பக்கத்தில் சரஸ்வதியம்மாள் நேற்றைய அகல்களைப் பொறுக்கிக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தாள்.

குருவம்மாள் தன் ஆட்களோடு வந்து சேர்ந்தாள். இன்றைக்கு அவள் முகம் தெளிந்திருந்தது.

"மேக்காலத் தோட்டத்துது நேத்தோட முடிஞ்சுதுங்க. இன்னிக்கு உங்க கொடிக்கு வந்துட்டோம்." வேலிக்கு அப்பால் போகிற கம்பத்தைப் பார்த்ததும் நின்றாள். "அட, வெளக்கை அங்கயே குடுத்துட்டீங்களா?"

"குடுக்கல. எடுத்துக்கிட்டாங்க." ரத்தினசாமியின் குரல் உடைந்தது. "என்ர களத்துல எரியாத வெளக்கு, அங்க போயாச்சும் எரியட்டும்."

குருவம்மாள் அவரையும் பார்த்தாள், அகல் கூடையையும் பார்த்தாள். அன்றைக்கு வாயை மூடச் சொன்னது நினைவுக்கு வந்ததால் கொஞ்சம் தயங்கினாள். பிறகு மெல்லக் கேட்டாள்.

"எரியலீங்களா? தெனமும் நீங்க பெட்ரோமாக்ஸைத் தூக்கிக்கிட்டு ஊட்டுக்குப் போனதும், பொங்கியண்ணங்க தன்ர பெட்ரோமாக்ஸை நிறுத்தி, அகலையெல்லாம் ஊதி அணைச்சுருவாங்க, கால்மணி நேரத்துல வெளக்கு ஜெகஜோதியா எரியும், 'மாப்ளை நமக்கு இரவல் குடுத்திருக்கறாரு'ன்னு சொல்லி அவுங்க கடலைக்காய் பூராத்தையும் அந்த வெளிச்சத்துலதானுங்களே விடிய விடிய ஆஞ்சு முடிச்சோம்!"